கோகோல் யாருடைய எழுத்தாளர்? ரஷ்யாவும் உக்ரைனும் சொந்தம் கொண்டாடும் ஒரு பெயரின் கதை

அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதிலேயே சண்டை ஆரம்பித்துவிடுகிறது. ரஷ்யர்கள் நிகோலாய் கோகோல் என்பார்கள். உக்ரைனியர்கள் மிகோலா ஹோஹோல் என்பார்கள். இரண்டு மொழியிலும் குடும்பப் பெயரை எழுதும் எழுத்துகள் ஒன்றேதான். முதல் எழுத்தை ரஷ்யர்கள் ‘க’ என்று வாசிக்கிறார்கள், உக்ரைனியர்கள் ‘ஹ’ என்று வாசிக்கிறார்கள். இரண்டு மொழியிலும் அதற்கு அர்த்தமும் ஒன்றுதான்: ஒரு வகைக் காட்டு வாத்து.

‘மேல்கோட்டு’ கதையைப் படிக்காதவர்களுக்கும் இந்தப் பெயர் எங்கோ காதில் விழுந்திருக்கும். மீரா நாயரின் ‘தி நேம்சேக்’ படத்தில் வரும் வங்காளி இளைஞன் கோகோல் கங்குலிக்குப் பெயர் வந்தது இவரிடமிருந்துதான். தன் பெயரோடு மல்லுக்கட்டும் அந்தப் பையனைப் போலவே, அசல் கோகோலும் தன் பெயரில் பாதியை ஒருநாள் வெட்டி எறிந்தவர். அதிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் புரியும்.

தாத்தா வாங்கிய சான்றிதழ்

1809 ஏப்ரல் 1 அன்று இன்றைய உக்ரைனின் பொல்தாவா பகுதியில், சொரோச்சின்ட்சி என்ற சிற்றூரில் கோகோல் பிறந்தார். அப்போது உக்ரைன் என்று தனி நாடு கிடையாது. ரஷ்யப் பேரரசுக்குள் அந்தப் பகுதியைச் ‘சின்ன ரஷ்யா’ என்று அழைத்தார்கள். அங்கிருப்பவர்கள் ‘சின்ன ரஷ்யர்கள்’. மாஸ்கோ பக்கத்து ஆட்கள் கிண்டலாக வைத்த இன்னொரு பெயரும் உண்டு: ‘ஹஹோல்’. அதாவது குடுமிக்காரன். கொசாக் வீரர்கள் தலையை மழித்து உச்சியில் விடும் குடுமியை வைத்து வந்த பெயர் அது.

இந்தக் கொசாக்குகளின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 17-ம் நூற்றாண்டில் இந்த நிலத்தின் பெரும்பகுதி போலந்து அரசின் கையில் இருந்தது. கொசாக்குகள் கலகம் செய்து, 1654-ல் மாஸ்கோ ஜாரின் பாதுகாப்பை ஏற்றார்கள். 1667-ல் ரஷ்யாவும் போலந்தும் ஒப்பந்தம் போட்டு நீப்பர் ஆற்றை எல்லையாக வைத்து நிலத்தைப் பங்கு பிரித்துக்கொண்டன. ஆற்றின் இடது கரை ரஷ்யாவுக்கு. ஆரம்பத்தில் அங்கே கொசாக்குகளுக்குத் தன்னாட்சி இருந்தது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. 1764-ல் பேரரசி காத்தரின், ‘ஹெட்மன்’ என்ற கொசாக் தலைவர் பதவியையே ஒழித்தார். 1783-ல் அந்தப் பகுதி விவசாயிகளை நிலத்தோடு கட்டிப்போடும் பண்ணையடிமை முறை வந்தது. இரண்டு வருடம் கழித்துப் பிரபுக்களுக்குச் சலுகைகள் தரும் சாசனம் வந்தது.

இனி அங்கே இரண்டே வகை வாழ்க்கைதான். ஒன்று, பிரபு என்று நிரூபித்து அடிமைகளை வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கீழே போக வேண்டியதுதான். கோகோலின் தாத்தா ஒபனாஸ் அலுவலக எழுத்தராக இருந்தவர். பல மொழி தெரிந்தவர். அவருடைய முன்னோர்கள் பாதிரியார்கள், யான் என்ற ஒருவரின் பெயரால் ‘யனோவ்ஸ்கி’ என்று அழைக்கப்பட்டவர்கள். பாதிரியார் பரம்பரை பிரபுப் பட்டத்துக்கு உதவாது. அதனால் தன் மூதாதை ஒரு கொசாக் கர்னல் என்றார் தாத்தா. ஆந்திரி கோகோல் என்ற அந்தக் கர்னலுக்குப் போலந்து மன்னர் யான் காசிமிர் 1674-ல் ஒரு கிராமத்தைக் கொடுத்தார் என்று மனுவில் எழுதினார்.

சிக்கல் என்னவென்றால், யான் காசிமிர் 1668-லேயே முடிதுறந்துவிட்டார். வரலாற்றில் பேர்போன கொசாக் கர்னலின் பெயரும் ஆந்திரி அல்ல, ஒஸ்தாப் கோகோல். அதிகாரிகள் அதையெல்லாம் நோண்டவில்லை. பட்டம் கிடைத்தது. குடும்பப் பெயர் ‘கோகோல்-யனோவ்ஸ்கி’ ஆனது. ரஷ்யப் பேரரசில் பிரபு ஆவதற்கு, போலந்து மன்னர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு தாளைக் காட்ட வேண்டியிருந்தது ஒரு உக்ரைனியக் குடும்பம். பேரன் எழுதிய எந்த நகைச்சுவைக்கும் இது குறைந்ததில்லை.

அந்த இரட்டைப் பெயரோடுதான் பேரன் பள்ளிக்குப் போனான். வீட்டில் கடிதம் எழுதுவது ரஷ்ய மொழியில். வேலையாட்களோடு பேச்சும், பாட்டி பாடும் பாட்டும் உக்ரைனிய மொழியில். அப்பா வசில் உக்ரைனிய மொழியில் நகைச்சுவை நாடகங்கள் எழுதினார். பணக்கார உறவினரான த்ரோஷின்ஸ்கியின் மாளிகையில் அவை மேடையேறின. மகனுக்கு 16 வயதாகும்போது, 1825-ல், அப்பா இறந்துவிட்டார்.

அம்மாவுக்கு ஒரு கடிதம்

1828 கடைசியில் 19 வயது கோகோல் வேலை தேடித் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். நாட்டுக்குச் சேவை செய்து பெரிய ஆளாக வேண்டும் என்பது கனவு. ஊரோ இவரைக் கண்டுகொள்ளவே இல்லை. சொந்தக் காசில், புனைபெயரில் ஒரு நெடுங்கவிதைப் புத்தகம் போட்டார். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கடைகடையாகப் போய் மீதிப் பிரதிகளை வாங்கி எரித்தார். எரிப்பது அவருக்கு வாழ்நாள் பழக்கம் ஆனது.

ஆனால் அதே 1829-ல் அவர் ஒன்றைக் கவனித்தார். சின்ன ரஷ்யா என்றால் தலைநகர்க்காரர்களுக்கு அப்போது ஒரே மோகம். பாட்டு, பேய்க்கதை, கல்யாணச் சடங்கு எல்லாவற்றுக்கும் கிராக்கி. உடனே அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்: கிராமத்துப் பெண்கள் என்ன உடுத்துவார்கள், ஒவ்வொரு துணிக்கும் என்ன பெயர், கல்யாணம் எப்படி நடக்கும், பேய்களைப் பற்றி என்ன நம்பிக்கை, எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்புங்கள். அப்பாவின் நாடகங்களையும் கேட்டு வாங்கினார்.

இதில் யோசிக்க ஒன்று இருக்கிறது. சொந்த ஊரைப் பற்றி எழுத அவர் தகவல் சேகரிக்க வேண்டியிருந்தது. பிரபு வீட்டுப் பிள்ளை பார்த்த கிராமம், கிராமத்தான் பார்த்த கிராமம் அல்ல. பிற்காலத்தில் உக்ரைனிய எழுத்தாளர் பந்தலெய்மோன் குலிஷ் இதைத்தான் குறையாகச் சொன்னார்: கோகோல் காட்டும் கல்யாணங்கள் எந்த உக்ரைனியக் கிராமத்திலும் அப்படி நடக்காது என்றார். கோகோலின் வாழ்க்கை வரலாற்றை முதலில் விரிவாக எழுதியவரும் இதே குலிஷ்தான் என்பதால், அது எதிரியின் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது.

கதைகள் 1831-லும் 1832-லும் ‘திகான்காவுக்கு அருகே ஒரு பண்ணையில் மாலைப்பொழுதுகள்’ என்று இரண்டு பாகங்களாக வந்தன. கதைசொல்லி, பான்கோ என்ற தேனீ வளர்ப்பவர். ஒபனாஸ் என்ற பெயரின் செல்ல வடிவம்தான் பான்கோ. தாத்தா பெயர்! ரஷ்ய மொழியில் எழுதிய புத்தகம்தான், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் உக்ரைனியச் சொற்கள். அவற்றுக்கு அர்த்தம் சொல்ல ஒரு சிறு அகராதியும் சேர்த்திருந்தார். புஷ்கின் கொண்டாடினார். 22 வயதில் கோகோல் நட்சத்திரம்.

தலைநகரம் அவரை ஏற்றுக்கொண்டது. எப்படி ஏற்றுக்கொண்டது என்பதுதான் விஷயம். சிரிக்க வைக்கும், பாட்டுப் பாடும், பேய்க்கதை சொல்லும் தெற்கத்தி ஆளாக. சின்ன ரஷ்யன் வேடிக்கையாக இருக்கும்வரை யாருக்கும் பிரச்சினை இல்லை.

வெட்டப்பட்ட பாதி

1830 நவம்பரில் வார்சாவில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகப் போலந்துக்காரர்கள் ஆயுதம் எடுத்தார்கள். 1831-ல் ரஷ்யப் படை அதை நசுக்கியது. தலைநகரில் போலந்து வாடை அடிக்கும் எதுவும் சந்தேகத்துக்குரியதானது. ‘யனோவ்ஸ்கி’ என்பது சுத்தமான போலந்துக் காதொலி. அந்தச் சமயத்தில்தான் அவர் பெயரின் அந்தப் பாதியைக் கைவிட்டார். அது போலந்துக்காரர்கள் ஒட்டவைத்தது என்று காரணமும் சொன்னார். உண்மையில் குடும்பத்தின் பழைய பெயர் அதுதான். தாத்தா பட்டத்துக்காகச் சேர்த்தது ‘கோகோல்’. அசல் போய், ஒட்டவைத்தது உலகப் புகழ் பெற்றது.

பெயர் சுருங்கியதே தவிர, உக்ரைன் பைத்தியம் அப்போதுதான் உச்சத்துக்குப் போனது. 1833, 1834-ல் அவர் முழு மூச்சாகக் கொசாக் வரலாறு படித்தார். நாட்டுப்பாடல்கள் சேகரித்தார். பல பாகங்களில் சின்ன ரஷ்யாவின் வரலாற்றை எழுதப்போவதாகப் பத்திரிகையில் அறிவிப்பும் கொடுத்தார். கீவில் புதிதாகத் திறந்த பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர் ஆகிவிட வேண்டும் என்று துடித்தார். நண்பரும் நாட்டுப்பாடல் ஆய்வாளருமான மிகைலோ மக்ஸிமோவிச்சுக்கு எழுதிய கடிதங்களில் அவர் வேறு ஆளாகத் தெரிகிறார். கீவுக்குப் போய்விடலாம் என்கிறார். அது நம்முடையது, அவர்களுடையது இல்லை என்ற அர்த்தத்தில் எழுதுகிறார். அந்த ‘அவர்கள்’ யார் என்று இன்றைக்கும் ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுகிறார்கள்.

மக்ஸிமோவிச் கீவ் போனார். கோகோலுக்கு அந்தப் பதவி கிடைக்கவில்லை. அந்த வரலாறும் வெளிவரவே இல்லை. பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச நாள் பாடம் நடத்திவிட்டு, சரிப்படவில்லை என்று விட்டுவிட்டார். 1836-ல் ‘அரசாங்க இன்ஸ்பெக்டர்’ நாடகம் மேடையேறியது. ஜார் நிக்கோலஸே வந்து சிரித்தார். ஆனால் அதிகாரிகள் கொதித்தார்கள். சில வாரங்களில் கோகோல் நாட்டைவிட்டே கிளம்பினார். அடுத்த 12 வருடங்களில் பெரும்பகுதி வெளிநாட்டில்தான், முக்கியமாக ரோமில்.

பாரிஸில் ஒரு சீட்டு

வெளியே போனதும் ஒரு வேடிக்கை நடந்தது. ரஷ்யாவில் எந்தப் போலந்து வாடைக்குப் பயந்து பெயரை வெட்டினாரோ, அந்தப் போலந்துக்காரர்களே பாரிஸில் நண்பர்கள் ஆனார்கள். கலகம் தோற்றபின் அங்கே தஞ்சம் புகுந்தவர்கள் அவர்கள். ஆதாம் மிட்ஸ்கியேவிச்சைச் சந்தித்தார். யூசெஃப் போஹ்தான் சலெஸ்கி என்ற கவிஞரையும் சந்தித்தார். சலெஸ்கி எழுதுவது போலிஷ் மொழியில். பிறந்ததோ உக்ரைனில்.

1837-ல் ஒருநாள் சலெஸ்கியைப் பார்க்க வீட்டுக்குப் போனார் கோகோல். ஆள் இல்லை. ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தார். உக்ரைனிய மொழியில்! அவரை ஊர்க்காரர் என்று விளித்து, கீழே மிகோலா ஹோஹோல் என்று கையெழுத்துப் போட்டார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் ரஷ்ய மொழியில் எழுதியவரின் கையால் உக்ரைனிய மொழியில் எழுதப்பட்டு மிஞ்சியிருக்கும் கடிதம் என்றால், இந்தச் சின்னச் சீட்டைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். ஒரு ரஷ்ய எழுத்தாளரும் ஒரு போலந்துக் கவிஞரும், அந்நிய ஊரில், இருவருக்கும் சொந்தமான மூன்றாவது மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுவருடம் ரோமில் இரண்டு போலந்துப் பாதிரியார்கள் அவரைக் கத்தோலிக்கராக மாற்ற முயன்றார்கள். ஆள் நெருங்கி வந்துவிட்டார் என்று பாரிஸுக்குத் தகவலும் அனுப்பினார்கள். அது வீணான ஆசை. மதம் மாறிவிட்டாரோ என்று ஊரில் அம்மா கவலைப்பட்டபோது, இரண்டும் ஒன்றுதான், அதனால் மாற வேண்டிய தேவையே இல்லை என்று பதில் எழுதியவர் அவர். இரண்டில் ஒன்று என்று யார் கேட்டாலும், அவர் பதில் இந்த ரகம்தான்.

இரண்டு ‘தாராஸ் புல்பா’

அந்த மழுப்பல் பலிக்காத ஒரு புத்தகம் இருக்கிறது. ‘தாராஸ் புல்பா’. போலந்துக்கு எதிராகப் போரிடும் ஒரு கிழட்டுக் கொசாக் தலைவனின் கதை. அவனுக்கு இரண்டு மகன்கள். இளையவன் ஒரு போலந்துப் பெண்ணைக் காதலித்து எதிரணிக்குப் போகிறான். அப்பனே அவனைச் சுட்டுக் கொல்கிறான். மூத்தவன் எதிரிகளிடம் பிடிபட்டு வார்சாவில் சித்திரவதையில் சாகிறான். மகன்களின் பெயர்கள்: ஒஸ்தாப், ஆந்திரி. தாத்தாவின் மனுவில் இருந்த பெயர் ஒன்று, வரலாற்றில் இருந்த பெயர் ஒன்று.

1835-ல் வந்த முதல் பதிப்பில் 9 அத்தியாயங்கள். அது கொசாக்குகளின் கதை, உக்ரைனின் கதை. நாட்டுப்பாடல் வாசனை தூக்கலாக இருக்கும். 1842-ல் அவரே திருத்தி எழுதிய பதிப்பில் 12 அத்தியாயங்கள். கலையாகப் பார்த்தால் இரண்டாவதுதான் பலம் கூடியது. போர்க்களம் காவியம்போல விரிகிறது. ஆனால் உள்ளே வேறு ஒன்று நடந்திருக்கிறது. கொசாக் வீரர்கள் இப்போது ரஷ்ய மண்ணுக்காக, ரஷ்ய நம்பிக்கைக்காகச் சாகிறார்கள். ரஷ்ய ஆன்மா என்ற பேச்சு வருகிறது. கடைசியில் மரத்தில் கட்டி எரிக்கப்படும் தாராஸ், ரஷ்ய மண்ணிலிருந்து ஒரு ஜார் எழுவார் என்று ஆரூடம் சொல்கிறான். முதல் பதிப்பில் அந்த ஆரூடம் இல்லை.

ஏன் மாற்றினார்? ஜாரிடமிருந்து அவருக்குப் பண உதவி கிடைத்துக்கொண்டிருந்தது உண்மை. தணிக்கைக்குப் பயப்பட வேண்டியிருந்ததும் உண்மை. ஆனால் காசுக்காகத் திருத்தினார் என்று முடித்துவிட்டால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். அந்த வருடங்களில் அவர் ‘இறந்த ஆன்மாக்கள்’ எழுதிக்கொண்டிருந்தார். ரஷ்யாவையே திருத்தும் பொறுப்பைக் கடவுள் தன் தலையில் வைத்திருக்கிறார் என்று நிஜமாகவே நம்ப ஆரம்பித்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பதிப்பிலும் போலந்துக்காரர்கள் வில்லன்கள், யூதர்கள் கேலிச்சித்திரங்கள். பாரிஸில் போலந்து நண்பர்களோடு உட்கார்ந்து பேசியவர்தான் திரும்பிப் போய் அந்த வெறுப்புக்கு இன்னும் மெருகேற்றினார். தனக்குள்ளேயே பல இனம் கலந்திருப்பது ஒருவரைத் தானாகவே பெருந்தன்மைக்காரர் ஆக்கிவிடுவதில்லை.

உன் ஆன்மா எது?

‘இறந்த ஆன்மாக்கள்’ முதல் பாகமும் அதே 1842-ல்தான் வந்தது. செத்துப்போன பண்ணையடிமைகளைக் காகிதத்தில் வாங்கிச் சேர்க்கும் ஒரு மோசடிக்காரனின் கதை. அதில் வரும் ரஷ்ய நிலப்பிரபுக்களில் ஒருவர்கூட நல்ல மாதிரி இல்லை. சிலருக்கு உறைத்தது. ‘அமெரிக்கன்’ என்று பட்டப்பெயர் கொண்ட ஃபியோதர் தோல்ஸ்தோய் என்ற பிரபு, இந்த ஆள் ரஷ்யாவின் எதிரி, விலங்கு மாட்டிச் சைபீரியாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். உள்ளுக்குள் இவன் குடுமிக்காரன்தான், அதனால்தான் ரஷ்யர்களை இப்படிக் காட்டுகிறான் என்ற பேச்சு விருந்து மேசைகளில் ஓடியது. பேய்க்கதை சொன்னபோது செல்லப்பிள்ளை, கண்ணாடியைக் காட்டியதும் வெளியூர்க்காரன்.

தோழி அலெக்சாந்திரா ஸ்மிர்னோவா இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு 1844-ல் அவருக்கு எழுதினார். உங்கள் ஆன்மா ரஷ்ய ஆன்மாவா, குடுமிக்கார ஆன்மாவா என்று நேராகவே கேட்டுவிட்டார்.

டிசம்பரில் பதில் வந்தது. தனக்கே தெரியவில்லை என்றார் கோகோல். சின்ன ரஷ்யனைவிட ரஷ்யன் உசத்தி என்றோ, ரஷ்யனைவிடச் சின்ன ரஷ்யன் உசத்தி என்றோ தான் ஒருநாளும் சொல்லப்போவதில்லை என்றார். இரண்டு இயல்புக்கும் கடவுள் தாராளமாகக் கொடுத்திருக்கிறார், ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது, ஒன்றை ஒன்று நிரப்புவதற்காகத்தான் இரண்டுக்கும் தனித்தனி வரலாறு கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது அவர் விளக்கம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதே பேரரசில் அதே நேரம் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பண்ணையடிமையாகப் பிறந்த தாராஸ் ஷெவ்சென்கோ, 1840-ல் பீட்டர்ஸ்பர்க்கிலேயே உக்ரைனிய மொழியில் கவிதைத் தொகுப்பு வெளியிட்டார். 1844-ல் கோகோலை விளித்து ஒரு கவிதை எழுதினார். 1847-ல் கைது. சாதாரணச் சிப்பாயாக நாடுகடத்தப்பட்டார். எழுதவோ வரையவோ கூடாது என்று ஜார் தடை போட்டார். குடுமிக்கார ஆன்மாவை மட்டும் தேர்ந்தெடுத்தால் என்ன விலை என்பது அதில் தெரிந்தது. நிரப்பிக்கொள்ளும் இரண்டில் ஒன்றின் கையில் மட்டும்தான் சிறைச்சாவி இருந்தது. கோகோலின் கடிதத்தில் அந்தச் சாவியைப் பற்றி ஒன்றும் இல்லை.

அவர் அதன்பின் மதத்துக்குள் மேலும் மேலும் மூழ்கினார். 1847-ல் அவர் வெளியிட்ட அறிவுரைப் புத்தகம் ஜாராட்சியையும் பண்ணையடிமை முறையையும் நியாயப்படுத்தியது. அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடிய விமர்சகர் பெலின்ஸ்கி ஒரு காட்டமான கடிதத்தில் அவரைக் கழுவி ஊற்றினார். (அதே பெலின்ஸ்கிதான் அதே வருடம் ஷெவ்சென்கோவின் தண்டனையைக் கேட்டு இரக்கமே படாதவர். அடிமைகளின் விடுதலை பேசிய ரஷ்ய முற்போக்காளருக்கும் உக்ரைன் என்றால் ஒரு எரிச்சல் இருந்தது.) 1852 பிப்ரவரியில், மாஸ்கோவில், ஒரு நள்ளிரவில் ‘இறந்த ஆன்மாக்கள்’ இரண்டாம் பாகத்தின் கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டார். சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். மருத்துவர்கள் மூக்கில் அட்டை விட்டார்கள். மார்ச் 4 அன்று உயிர் பிரிந்தது. வயது 42.

செத்த பிறகும் விடவில்லை

1863-ல் உக்ரைனிய மொழியில் மதநூல்களும் பாடநூல்களும் அச்சிடுவதைப் பேரரசு தடுத்தது. 1876-ல் தடை இன்னும் இறுகியது. உக்ரைனிய மொழிபெயர்ப்புகளும் அதில் அடக்கம். அப்பாவின் நகைச்சுவை வரிகளைக் கோகோல் தன் கதைகளின் தலைப்பில் உக்ரைனிய மொழியிலேயே கொடுத்திருந்தார். அந்தப் புத்தகம் பேரரசு முழுக்க விற்றது. அந்த மொழியில் புதிதாக ஒரு பாடநூலோ மொழிபெயர்ப்போ போடுவதுதான் குற்றம்.

சோவியத் காலத்தில் அவர் சகோதர இனங்களின் நட்புக்கு அடையாளமாக்கப்பட்டார். சோவியத் உடைந்ததும் சொத்துத் தகராறு பகிரங்கமானது. உக்ரைனில் ‘தாராஸ் புல்பா’வை மொழிபெயர்த்தவர்கள் முன்னால் ஒரு கேள்வி நின்றது: எந்தப் பதிப்பு? 1842 பதிப்பு என்றால் ‘ரஷ்ய’ என்ற சொல்லை என்ன செய்வது? சிலர் அதை எடுத்துவிட்டு ‘உக்ரைனிய’, ‘கொசாக்’ என்று போட்டார்கள். ரஷ்யத் தரப்பு கொதித்தது. செத்த எழுத்தாளரின் வரியை மாற்றுவது மோசடிதான். ஆனால் 1835 பதிப்பை எடுத்து மொழிபெயர்த்தால் அது மோசடி அல்ல. அதுவும் கோகோல் எழுதியதுதான்.

2009-ல் அவருடைய 200-வது பிறந்தநாளை இரண்டு நாடுகளும் தனித்தனியாகக் கொண்டாடின. அந்த வருடம் ரஷ்யக் கலாச்சார அமைச்சகத்தின் பண உதவியோடு விளாதிமிர் போர்த்கோ எடுத்த ‘தாராஸ் புல்பா’ படம் வந்தது. கொசாக்குகள் ரஷ்ய மண்ணைப் பற்றி வசனம் பேசிக்கொண்டே செத்தார்கள். தாராஸாக நடித்தவர் போஹ்தான் ஸ்தூப்கா. உக்ரைனின் மிகப் பெரிய நடிகர்களில் ஒருவர், ஒருகாலத்தில் அந்த நாட்டின் கலாச்சார அமைச்சராகவும் இருந்தவர்.

2022-ல் ரஷ்யப் படையெடுப்புக்குப் பிறகு, உக்ரைன் தன் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து ரஷ்ய எழுத்தாளர்கள் பலரை நீக்கியது. உக்ரைன் மண்ணைப் பற்றிய கோகோல் கதைகளை மட்டும் வைத்துக்கொண்டது. அவருடைய கல்லறை மாஸ்கோவின் நோவோதெவிச்சி மயானத்தில் இருக்கிறது. அவர் வளர்ந்த பண்ணை பொல்தாவா பகுதியில் இருக்கிறது. அந்த ஊருக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்: ஹோஹோலேவே. ‘க’ இல்லை, ‘ஹ’.